தீவிரம் போதாத இடம்

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த பிறகு நான் ஆய்வு செய்ததைவிட, ஆய்வுக்குப் பணம் தேடியதுதான் அதிகம். தேசியத் தகுதித் தேர்வில் கல்லூரியில் பாடம் நடத்தலாம் என்கிற அளவுக்கு மதிப்பெண் வந்தது. மாதாமாதம் உதவித்தொகை தருகிற அளவுக்கு வரவில்லை. அதனால் காலையில் கோவைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் பாடம், மதியத்துக்கு மேல் பல்கலைக்கழகம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் கைப்பேசியைத் திறந்து, எங்கே என்ன ஃபெலோஷிப் அறிவித்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஒன்று முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. ஒன்று வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும் என்றது. எனக்குத் தெரிந்த வெளிநாட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் சித்தப்பா மகன் ஒருவன்தான். இன்னொன்றில் ‘இதற்கு முன் பெற்ற நிதிகள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டால் அடுத்த பக்கம் திறக்கவே மறுத்தது. முதல் தடவை கேட்பவர்கள் எங்கே போவது என்று அவர்களுக்கே எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை.

என் ஆய்வு யானைகளைப் பற்றியது. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத் தோட்டங்களுக்குள் யானைகள் எந்த வழியாக இறங்குகின்றன, எந்த மாதத்தில் எந்தப் பயிருக்கு வருகின்றன என்று தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டிப் பார்ப்பது. வழி தெரிந்துவிட்டால் அந்த வழியில் இருக்கிற வீடுகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தரலாம். யானை காட்டோரத்து ஓடைப் பள்ளத்தைத் தாண்டும்போதே தோட்டத்தில் ஒரு விளக்கு எரிந்து, ஒரு ஹாரன் அடிக்கும்படி செய்யலாம். இதுதான் திட்டம். இதற்குக் கேமராக்கள் நிறைய வேண்டும். என்னிடம் இருந்தவை இரண்டே இரண்டு. அவையும் என் நெறியாளர் தன் கைக்காசைப் போட்டு வாங்கித் தந்தவை. அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். எங்கள் துறைக்கு வெகுகாலமாக ஒரு புராஜெக்டும் வரவில்லை. ஆய்வகத்தில் இருந்த தற்காலிக உதவியாளர்களை நிறுத்திவிடலாமா என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கவலை அவர் முகத்தில் எப்போதும் இருக்கும்.

கேமரா கட்ட எனக்கு முதலில் இடம் தந்தது ஒரு வாழைத் தோட்டத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். அவரை நான் அண்ணா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களுடைய ஒரே மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தோட்டத்திலேயே வீடு, வீட்டுக்குப் பின்னால் வாழை, அதற்குப் பின்னால் கொஞ்சம் தென்னை, அதற்கும் பின்னால் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காடு.

முதல் நாள் அவர் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, இதை எட்டத்துல கட்டோணுமுங்க. போன வருசம் பாரஸ்டுக்காரங்க கட்டுனதை அது தும்பிக்கையில புடுங்கி மிதிச்சுப்போட்டுப் போயிருச்சு.”

“ஃபோட்டோ வந்துச்சுங்களாண்ணா?”

“வந்துச்சாமுங்க. ஒரே ஒரு கண்ணு மட்டும்.”

சொல்லிவிட்டு அவரே வெகுநேரம் சிரித்தார். அக்கா உள்ளேயிருந்து, “வா கண்ணு, சாப்புட்டுப்போட்டுக் கட்டலாம்” என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் சாப்பிடாமல் திரும்பிய நாள் கிடையாது. அக்கா என்னை ஒருமையில்தான் பேசுவார். வா கண்ணு, உக்காரு கண்ணு, பஸ்ஸு போயிருமாட்ட இருக்குது, இன்னைக்கு இங்கயே படுத்துக்கோ கண்ணு. எல்லோரிடமும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊரில் அந்த ஒருமை எனக்குக் கிடைத்த தனிச் சலுகை.

ஒரு வருடம் இரண்டு கேமராக்களை மாற்றி மாற்றிக் கட்டிக் கிடைத்த படங்களை வைத்து, பெங்களூரில் இருந்த ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தேன். காட்டுயிர் ஆய்வுக்கு நல்ல நிதி தருகிறவர்கள். வயது வரம்பு இல்லை, முன்பு பெற்ற நிதி கேட்கவில்லை. எனக்காகவே அறிவித்தது போல இருந்தது. நெறியாளரும் நானும் அந்த விண்ணப்பத்தை எத்தனை முறை திருத்தியிருப்போம் என்று தெரியாது.

நிராகரித்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி: உங்கள் ஆய்வுப் பகுதியில் மோதலின் தீவிரம் போதிய அளவு நிறுவப்படவில்லை.

எனக்குப் புரியவில்லை. பயிர்ச் சேதத்தைப் படத்தோடு காட்டியிருந்தேன். உடைந்த சுவர், சாய்ந்த வேலி, எல்லாம் இருந்தன. அங்கிருந்த திட்ட அதிகாரியிடம் தொலைபேசியில் பேசினேன். மென்மையான குரலுடைய பெண். என்னைவிட இளையவராக இருக்கலாம். அவர் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: உங்கள் திட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் எல்லைக்குள் மனித உயிரிழப்பு எதுவும் இல்லை. உயிரிழப்பு உள்ள இடங்களுக்குத்தான் முன்னுரிமை. உங்கள் இடம் பட்டியலில் கீழே போய்விட்டது.

“உயிரிழப்பு வராமல் இருக்கத்தானே இந்தத் திட்டம்?” என்று கேட்டேன்.

“எனக்குப் புரிகிறது,” என்றார். உண்மையாகவே வருந்துகிற குரல். “விதிமுறை அப்படி.”

அடுத்த முறை தோட்டத்துக்குப் போனபோது இதைச் சொன்னேன். அண்ணன் வாழைத்தாரை அறுத்துக் கீழே சாய்த்துக்கொண்டிருந்தார். கத்தியை இடுப்பில் செருகிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப யாராச்சும் ஒருத்தன் போய்ச் சேர்ந்தாத்தான் குடுப்பாங்களாக்கும்?”

“அப்படித்தாண்ணா சொல்றாங்க.”

“நல்ல கூத்துங்க,” என்று சிரித்தார். “சரி, யாரு போறீங்கன்னு ஊருக்குள்ள கேட்டுப் பாக்கறேன்.”

“வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?” என்று அக்கா வீட்டுக்குள்ளிருந்து சத்தம் போட்டார். நானும் சிரித்தேன். அன்று மூன்று பேருமே சிரித்தோம்.

அவர் இறந்தது மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கிய ஒரு விடியற்காலையில். அந்தப் பக்கம் தோட்டங்களுக்கு மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் விடுகிற நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த வாரம் விடிவதற்கு முன் விட்டார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் எந்தப் பாத்திக்குப் போக வேண்டுமோ அங்கே கேட் வால்வைத் திருப்பப் போயிருக்கிறார். வாழைக்குள் யானை நின்றிருக்கிறது. பனியில் இவருக்குத் தெரியவில்லை.

நான் கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. வகுப்பை நிறுத்திவிட்டு எடுத்தேன். பேசியது பக்கத்துத் தோட்டத்து ஆள். “அம்மணி, அண்ணனை யானை அடிச்சுப்போட்டுதுங்க” என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். “ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருக்குதுங்க, பிரேதப் பரிசோதனைக்கு” என்றார். எனக்கு எதிரே மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் நான் பாதி வரைந்த மீனின் இதயம் இருந்தது. அதை ஏன் வரைந்தேன், அடுத்து என்ன வரைய வேண்டும் என்று எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தார். புடவையின் கீழ்ப்பகுதி முழுக்க ஈரமண். என்னைப் பார்த்ததும் அழவில்லை. “மோட்டாரை யாரும் நிறுத்தலை கண்ணு,” என்றார். “இன்னும் ஓடிட்டே இருக்கும். தண்ணி வீணாப் போவுது.” அதையே பலமுறை சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போன் செய்து மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். அன்று என்னால் செய்ய முடிந்த ஒரே உதவி அதுதான்.

மறுநாள் செய்தித்தாள்களில் வந்தது. அடுத்த சில நாட்களில் எனக்குப் பெங்களூரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. துறைக்கு வெளியே நடைபாதையில் நின்று படித்தேன். முதல் பத்தியில் அனுதாபம். இரண்டாவது பத்தியில், அண்மைச் சம்பவத்தைக் கருத்தில்கொண்டு உங்கள் விண்ணப்பத்தை மறுபடி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம், இந்தச் சுற்று வெள்ளிக்கிழமையுடன் முடிகிறது என்று இருந்தது. சம்பவத்தை உறுதிசெய்யும் காவல்துறை ஆவணத்தின் நகல் இணைக்கப்பட்டால் நல்லது.

யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்; திரும்பத் தோன்றவில்லை. அந்த மின்னஞ்சலில் ஒரு சொல் கூடத் தப்பாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அதை எழுதிய பெண்ணின் மென்மையான குரல் எனக்குத் தெரியும். அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

நெறியாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“வருத்தமான விஷயம்தாம்மா. ஆனா இதை விட்றக் கூடாது.”

“என்னால முடியாதுங்க சார்.”

“உனக்காகச் சொல்லலே. அந்தப் பக்கத்துல இருக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன்.”

“வேண்டாம் சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை வந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

கருமாதி அன்று தோட்டத்துக்குப் போனேன். பந்தலில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த மகள் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே போனாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அருகில் போய் உட்கார்ந்தேன்.

“வாங்க,” என்றார். “சாப்புட்டீங்களா?”

எனக்கு முதுகில் யாரோ தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. வாங்க. சாப்புட்டீங்களா. அந்த ஊரில் யாரும் யாரையும் திட்டத் தேவையில்லை.

“அக்கா, என்னாச்சுங்க?”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். “உங்க சாரு வந்துட்டுப் போனாருங்க. போலீஸ்ல குடுத்த பேப்பரு ஒரு காப்பி வேணும்னாரு. ஆராய்ச்சிக்குப் பணம் வருதாம், அதுக்குக் கட்டாயம் வெக்கோணுமாம். நீங்கதான் கேட்டு வுட்டீங்கன்னாரு. இங்க ஒறம்பரைச் சனம் எல்லாம் பாத்துட்டே இருந்தாங்க. எடுத்துக் குடுத்துப்போட்டேன்.”

நான் கேட்டு விடவில்லை என்று சொன்னேன். எனக்கே அது பொய் மாதிரி ஒலித்தது. மின்னஞ்சல் வந்தது என் பெயருக்கு. பணமும் என் பெயருக்குத்தான் வரும்.

“பரவால்லீங்க,” என்றார் அக்கா. “இலை போட்டிருக்குது. சாப்புட்டுட்டுப் போங்க.”

அன்றுதான் முதல்முறையாக அந்த வீட்டில் சாப்பிடாமல் திரும்பினேன்.

நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நெறியாளர் அறையில் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கணினியில் அந்த விண்ணப்பத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். என் பெயரில், என் கடவுச்சொல்லில், அவர் அதை அனுப்பியிருந்தார். துறைக் கணினியில் அந்தக் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருந்தது நான்தான். பழைய விண்ணப்பம் அப்படியே இருந்தது. முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் மட்டும் புதியது: எங்கள் ஆய்வின் முக்கியப் பங்கேற்பாளர் ஒருவரே யானை தாக்கி இறந்திருப்பது, இப்பகுதியில் மோதலின் தீவிரத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது.

நிறுவுகிறது. அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற ஒரு மனிதர் எப்படி ஒன்றை நிறுவுவார்?

“கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே,” என்றார் நெறியாளர். “ஆறு மாசத்துல நான் போயிருவேன். அதுக்கப்புறம் இந்த லேபைப் பூட்டிருவாங்க. நீ பாட்டுக்கு இன்னொரு காலேஜ்ல பாடம் எடுத்துட்டு இருப்பே. இந்த வேலை அப்படியே நின்னுரும்மா. அதுக்குத்தான் அந்த ஆளு அவ்வளவு இடம் குடுத்தாரா?”

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். அவர் மேசை மேல் எங்கள் முதல் கேமராவின் காலிப் பெட்டி இருந்தது. அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார். அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, போய் நேரிலேயே சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்தளம். காத்திருப்பு அறையில் என்னைப் போலவே இன்னும் சிலர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு மாநிலத்துக்காரர். நட்பான ஆள், தன் பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினார். எங்கே ஆய்வு, என்ன விலங்கு என்று விசாரித்துவிட்டு, “உங்கள் இடத்தில் எத்தனை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கேமராக்களைக் கேட்கிறார் என்று நினைத்து, “இரண்டு” என்றேன்.

“பரவாயில்லை. எங்களுக்கு ஏழு,” என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், “அதில் இரண்டு குழந்தைகள். அதை அவர்கள் தனியாகப் பார்ப்பார்கள்.”

முறுக்கு என் கையிலேயே இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. மூன்று வருடமாக நிதி தேடி, ஒவ்வொரு படிவத்திலும் அந்த எண்ணை நிரப்பி நிரப்பி, அவருக்கு அது மதிப்பெண் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவர் முகத்தில் நான் பார்த்தது பெருமை இல்லை, நம்பிக்கை. நிதி கிடைத்துவிடும் என்கிற நம்பிக்கை. அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நான் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன். “முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. எடுத்துவிடுங்கள்.”

நடுவில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி அதைத் தேடிப் படித்தார். “இது உண்மையில்லையா?”

“உண்மைதான். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதும் இதே யானை, இதே வழி, இதே வாழைதான். அப்போது தீவிரம் போதாது என்றீர்கள். அவர் இறந்ததற்காகத் தருகிற பணம் எங்களுக்கு வேண்டாம்.”

அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. “பிறகு எதை வைத்து உங்களை மற்றவர்களுக்கு மேல் தேர்ந்தெடுப்பது?” என்று நிதானமாகக் கேட்டார். நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

ரயிலில் திரும்பும்போது, வெகுநாட்களுக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது. சரியானதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். நிதி அந்த முறுக்குக்காரருக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது. நெறியாளரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சில வாரங்கள் கழித்து அக்காவிடமிருந்து அழைப்பு. “கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுங்களா?” என்றார். மன்னித்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உங்க சாரு வந்திருந்தாருங்க. செஞ்சது தப்புன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. நீங்க கேட்டு வுடலைன்னும் சொல்லிப்போட்டாரு. அது சரி. பெங்களூரு போயி வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தீங்களாமே, நெசமுங்களா?”

“ஆமாங்கக்கா.”

“எதுக்குங்க?”

“அண்ணனோட சாவை வெச்சுப் பணம் வாங்கறதுக்கு எனக்கு...”

“அவரு என்ற புருசனுங்க,” என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. “அவரு சாவை வெச்சு என்ன பண்ணலாம், என்ன பண்ணப்படாதுன்னு நீங்க எப்புடி முடிவு பண்ணுவீங்க? உங்க சாரு என்னைக் கேக்காம எழுதிப்போட்டாரு. நீங்க என்னைக் கேக்காம வேண்டாம்னுட்டு வந்துட்டீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

அவர் கையை மேற்கே நீட்டினார்.

“மேக்கால தோட்டத்துல அந்தப் புள்ள கைக்கொளந்தையோட தனியா இருக்கறா. அவ ஊட்டுக்காரன் லாரிக்குப் போறான். விடியக்காலம் கரண்டு வந்தா மோட்டாருக்கு அவதான் போறா. அந்தப் பணம் வந்திருந்தா அவ தோட்டத்துல ஒரு லைட்டாவது எரியுமில்லீங்க? அவரு போனது போனதுதான். போனவரை வெச்சு இன்னொருத்தி பொழைச்சிருந்தா அவரு வேண்டாம்னா சொல்லுவாரு?”

வாசலில் இருந்த சிமெண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் இறந்த செய்தியைக் கேட்டபோதும், அந்த மின்னஞ்சலைப் படித்தபோதும் அதிர்ச்சி வெளியிலிருந்து வந்தது. இது அப்படியில்லை. பெங்களூரில் நான் அக்காவுக்காகத்தான் பேசினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவரை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காமல்தான் பேசியிருக்கிறேன். ரயிலில் உணர்ந்த அந்த லேசான மனம் நினைவுக்கு வந்தது.

அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “வேற எங்கீமே கேக்க முடியாதுங்களா?” என்றார்.

மறுபடி தேட ஆரம்பித்தேன். இந்த முறை தேடும்போது ஒவ்வொன்றையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். என்ன கேட்கிறார்கள், எதை எழுத வேண்டும், அவர் சரி என்றால்தான் அனுப்புவது. இரண்டு இடங்களில் இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாவதாக, கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் சில நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய நிதியைப் பற்றி நெறியாளர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். விவசாயம் தொடர்பான ஆய்வுகளுக்குக் கொடுப்பார்களாம். தமிழிலேயே எழுதலாம். பயனடையப்போகும் ஊர்க்காரர் ஒருவரையும் நேர்காணலுக்கு அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள்.

“நான் வாரேனுங்க,” என்றார் அக்கா.

அவினாசி சாலையில் ஒரு அலுவலகம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட நான்கைந்து முதலாளிகள். நான் படங்களைக் காட்டி விளக்கினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர், “எல்லாம் சரிங்க, இது காட்டிலாகா வேலையாச்சே, இதுல பம்ப்செட்டுக்காரங்க நாங்க எங்க வர்றோம்?” என்றார்.

நான் பதிலைத் தேடுவதற்குள் அக்கா பேசினார். “என்ற ஊட்டுக்காரரு மோட்டாருக்குப் போயித்தானுங்க செத்தாரு. உங்க மோட்டாருதானுங்க.”

காப்பிக் கோப்பையைத் தூக்கிய ஒருவர் அதை வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. இதைச் சொல்லப்போகிறார் என்று என்னிடம்கூட அக்கா சொல்லவில்லை.

“மோட்டாரு மேல குத்தம் சொல்லலீங்க,” என்றார் அக்கா அதே குரலில். “நெம்ப வருசமா நல்லாத்தான் ஓடுது. இன்னைக்கும் அதுதான் ஓடுது. விடியக்காலம் கரண்டு வந்தா யாராச்சும் எந்திரிச்சுப் போகோணுமுல்லீங்க. அதுக்குத்தான் சொன்னேன்.”

கடைசியில் உட்கார்ந்திருந்த வயதானவர் மெதுவாகக் கேட்டார். “போன்லயே போடற ஸ்டார்ட்டர் வெக்கலீங்களா?”

“வெச்சிருந்தமுங்க. ஊட்டுக்கிட்டத்தான் சிக்னலு, மலையோரத்துல மோட்டாருகிட்ட இருக்கறதில்லை. இருந்தாலும் வால்வு திருப்ப ஆள் போகோணும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் எங்களிடம் எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

நிதி வந்தது. பெங்களூர் தருவதாக இருந்ததோடு ஒப்பிட்டால் சிறியது. பள்ளத்தை ஒட்டி ஒரு வரிசைத் தோட்டங்களுக்கு மட்டும் விளக்கும் ஹாரனும் வைக்க முடிந்தது. எங்கே முதலில் வைப்பது என்று அக்காவிடம் கேட்டேன். மேற்குத் தோட்டத்துப் பெண்ணின் வீட்டைக் காட்டினார். பள்ளத்தோரம் சிக்னல் இல்லாத இடம் என்பதால் ரேடியோ அலையில் வேலை செய்கிற கருவியைத் தேடிப் பிடித்தோம். ஓய்வு பெற்றுவிட்ட நெறியாளர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கம்பங்களுக்குக் குழி தோண்டுகிற இடத்தில் நாள் முழுக்க நின்றார். அக்கா அவருக்கும் சாப்பாடு போட்டார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

கருவி வைத்த பிறகு பலமுறை பொய்யாக அடித்தது. காட்டுப்பன்றிக்கு அடித்தது, ஒருமுறை காற்றில் ஆடிய தென்னை ஓலைக்கு அடித்தது. ஊர்க்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள். நானும் நம்பிக்கை இழந்திருந்தேன்.

ஒரு நாள் காலை கல்லூரிக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். அக்காவின் எண். அந்த எண் அந்த நேரத்தில் ஒளிர்ந்தால் இப்போதும் அந்த வகுப்பறைதான் எனக்கு நினைவுக்கு வரும். எடுத்தேன். பின்னால் பல குரல்கள், ஒரு குழந்தையின் அழுகை.

“ஏனுங்க, வந்துட்டுதுங்க!” என்று கத்தினார். “குட்டியோட நாலு. லைட்டு எரிஞ்சுது, ஹாரன் அடிச்சுது. மேக்கால புள்ள மோட்டாருக்குப் போக வாசப்படி எறங்குனவ அப்புடியே திரும்பி ஓடி வந்துட்டா. கொளந்தையோட எங்க ஊட்டுலதான் இருக்கறா.”

இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“இருக்கறீங்களா?”

“இருக்கறேங்கக்கா.”

“வாழை ஒண்ணு பாக்கியில்லீங்க. அவளோடதும் போச்சு, என்றதும் போச்சு. தார் போட்டு நின்ன மரம், எல்லாத்தையும் சாய்ச்சுத் தின்னுபோட்டு இப்பத்தான் பள்ளம் எறங்குதுங்க.” மூச்சு வாங்கிக்கொண்டார். அழுகிறாரா என்று கைப்பேசியைக் காதில் அழுத்தி வைத்துக் கேட்டேன். தெரியவில்லை. “சரி, இந்த வாழைக்கு நட்டஈடு கேட்டு யாருக்கு எழுதிப் போடறதுன்னு பாருங்க. இன்னைக்கே பாருங்க.”

பார்க்கிறேன் என்றேன்.